புத்தாண்டு இலக்கு: செவ்வாய்க்கிழமை காலையில் என்ன செய்வீர்கள்?

டிசம்பர் கடைசி வாரத்தில் நகைக்கடையிலோ மருந்துக்கடையிலோ கொடுக்கும் டைரியின் முதல் பக்கத்தில் பலரும் எழுதுவது ஏறக்குறைய ஒரே பட்டியல்தான். உடம்பைக் குறைக்க வேண்டும். பணம் சேர்க்க வேண்டும். இங்கிலீஷ் சரளமாகப் பேச வேண்டும். வேலையில் அடுத்த படிக்குப் போக வேண்டும். போன் பார்ப்பதைக் குறைக்க வேண்டும். இதில் ஒன்றுகூடத் தப்பான ஆசை இல்லை. ஆனால் இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, "சரி, வரும் செவ்வாய்க்கிழமை காலையில் என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டால் பதில் வராது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் அளவுக்கு ஆசையைக் கீழே இறக்கிக் கொண்டுவந்தால்தான் அதை இலக்கு என்று சொல்லலாம்.

இன்னொரு விஷயமும் உண்டு. சொந்த வாழ்க்கைக்கு ஒரு பட்டியல், வேலைக்கு ஒரு பட்டியல் என்று தனித்தனியாக எழுதச் சொல்வது வழக்கம். இரண்டுக்கும் செலவாகப் போவது ஒரே ஆளின் ஒரே வாரம். தனித்தனித் தாளில் எழுதினால் இரண்டுமே சாத்தியம் போலத் தெரியும்; ஒரே தாளில் எழுதிப் பார்த்தால்தான் எங்கே இடிக்கிறது என்று புரியும்.

ஆசை எங்கே இலக்காகிறது

இலக்கு நிர்ணயம் பற்றிய ஆராய்ச்சியில் அடிக்கடி அடிபடும் பெயர்கள் எட்வின் லாக், கேரி லேதம் என்ற இரண்டு உளவியலாளர்கள். லேதம் அமெரிக்காவின் ஓக்லஹாமாவில் மரம் ஏற்றும் லாரிகளை வைத்துச் செய்த ஆய்வு 1975-ல் வெளியானது. "முடிந்த அளவு ஏற்றுங்கள்" என்று சொல்லியிருந்த காலத்தில் அந்த லாரிகள் சட்டம் அனுமதிக்கும் எடையில் சுமார் 60 சதவீதத்தோடுதான் கிளம்பின. அப்புறம் ஓட்டுநர்களுக்கு 94 சதவீதம் என்று ஓர் எண்ணைக் கொடுத்தார்கள். கூலியைக் கூட்டவில்லை, பரிசு எதுவும் அறிவிக்கவில்லை. சில மாதங்களில் சுமை 90 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. "முடிஞ்ச வரைக்கும் பார்க்கலாம்" என்பதில் உள்ள சிக்கல் இதுதான்: எங்கே நிறுத்தினாலும் அது முடிந்த வரைக்கும்தானே!

இவர்கள் இருவரும் 1990-ல் தங்கள் முடிவுகளைத் தொகுத்துச் சொன்னதன் சாரம்: தெளிவாகவும் கொஞ்சம் சிரமமாகவும் இருக்கும் இலக்குதான் ஆளை நகர்த்துகிறது. ஆனால் அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. இலக்கை மனம் ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று அவ்வப்போது தெரிய வேண்டும். அந்த வேலையைச் செய்யும் திறமையும் கையில் இருக்க வேண்டும். கடைசி நிபந்தனையைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். எக்செல்லில் கூட்டல் கழித்தல் மட்டும் தெரிந்தவர் "மார்ச்சுக்குள் கம்பெனியின் எல்லா ரிப்போர்ட்டையும் தானாக வரும்படி செய்துவிடுவேன்" என்று எழுதினால் பிப்ரவரியிலேயே வெறுத்துவிடும். புதிதாகத் தொடங்கும் விஷயத்தில் முதல் இலக்கு கற்றுக்கொள்வதாக இருக்கட்டும். சாதிப்பதை அடுத்து வைத்துக்கொள்ளலாம்.

அலுவலகப் பயிற்சி வகுப்புக்குப் போனவர்கள் 'ஸ்மார்ட் இலக்கு' என்று கேட்டிருப்பீர்கள். ஜார்ஜ் டோரன் 1981-ல் ஒரு மேலாண்மை இதழில் எழுதிய சின்னக் கட்டுரையிலிருந்து வந்தது அது. குறிப்பாக எதைச் செய்கிறோம், எப்படி அளப்பது, யார் பொறுப்பு, இருப்பதை வைத்து நடக்குமா, எப்போதைக்குள் என்று ஐந்து கேள்விகள்; அவற்றின் ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் 'ஸ்மார்ட்'. பிற்காலத்தில் பலர் பலவிதமாக மாற்றிக்கொண்டதில் 'யார் பொறுப்பு' பல இடங்களில் காணாமல் போய்விட்டது. வீட்டு இலக்குகளுக்கு அதுதான் முக்கியம். "இந்த வருஷம் கரண்ட் பில்லைக் குறைக்கணும்" என்று நான்கு பேர் சேர்ந்து முடிவெடுத்தால், மற்ற மூன்று பேர் குறைப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நிம்மதியாக ஏசி போட்டுக்கொள்வார்கள்.

ஒரு கணக்காளரின் வருடம்

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் எல்லாம் எளிதாகத்தான் இருக்கும். ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்து முழுசாகப் போட்டுப் பார்ப்போம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் பெண். வயது 29. பி.காம் முடித்தவர், டேலி கணக்கு மென்பொருள் நன்றாகத் தெரியும். சம்பளம் 25,000 ரூபாய், மாதச் செலவு 18,000. அவருடைய ஆசைகள்: சிஎம்ஏ என்ற அடக்கவிலைக் கணக்காளர் படிப்பை முடிக்க வேண்டும், அவசரத்துக்குக் கையில் பணம் இருக்க வேண்டும், உடம்பு இளைக்க வேண்டும், வேலையில் சம்பள உயர்வு வேண்டும்.

முதல் வேலை, இலக்கை எழுதுவதற்கு முன்பே காலண்டரை எடுத்து, எந்தெந்த நாட்கள் தன்னுடையவை அல்ல என்று குறிப்பது. கணக்காளர் வாழ்க்கையில் மாதத்துக்கு இரண்டு நெருக்கடி: 11ஆம் தேதிக்குள் விற்பனை பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் வரியைக் கணக்கிட்டுக் கட்டும் 3பி. மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் மூன்றாம் வாரம் வரை வருடக் கணக்கு முடிப்பு. செப்டம்பரில் வரித் தணிக்கை. தீபாவளிக்கு முன்னால் போனஸ் கணக்கு. போதாததற்கு, திருப்பூரில் டெய்லர்களுக்கு வாரச் சம்பளம்; தைத்த எண்ணிக்கைக்குக் கூலி போடும் பீஸ் ரேட் கணக்கை வெள்ளி இரவு உட்கார்ந்து முடித்தால்தான் சனிக்கிழமை பட்டுவாடா. ஆக வெள்ளி இரவும் சனிக்கிழமையும் கணக்கிலேயே இல்லை. இதையெல்லாம் பார்க்காமல் "தினமும் இரண்டு மணி நேரம் படிப்பேன்" என்று எழுதினால், மார்ச் 25 வாக்கில் அந்த இலக்கு செத்துவிடும். அதற்குச் சோம்பேறித்தனம் காரணம் என்று அவர் தன்னையே திட்டிக்கொள்வார். கோளாறு காலண்டரில்.

இப்போது சிஎம்ஏ. பட்டதாரி என்பதால் நேராக இன்டர்மீடியட்டில் சேரலாம். எட்டுத் தாள்கள், நான்கு நான்காக இரண்டு குரூப். தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். ஒவ்வொரு தாளிலும் 40 மதிப்பெண், குரூப்பின் மொத்தத்தில் 50 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. ஆசைக்கு இரண்டு குரூப்பையும் ஒரே மூச்சில் எழுதத் தோன்றும். கணக்குப் போடுவோம். திங்கள் முதல் வெள்ளி வரை காலை ஐந்தரையிலிருந்து ஆறரை, ஐந்து மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம். வாரத்துக்கு எட்டு. ஜனவரியிலிருந்து டிசம்பர் தேர்வு வரை சுமார் 49 வாரம் இருக்கும். வருடக் கணக்கு, தணிக்கை, பொங்கல், தீபாவளி, காய்ச்சல், உறவினர் கல்யாணம் என்று ஒன்பது வாரத்தைக் கழித்துவிடலாம். மீதி 40 வாரம், 320 மணி நேரம். நான்கு தாளுக்குப் பிரித்தால் தாளுக்கு 80 மணி நேரம். எட்டுத் தாளுக்குப் பிரித்தால் 40. இரண்டாவது எண்ணைப் பார்த்தவுடனே விடை தெரிந்துவிடுகிறது: இந்த வருடம் முதல் குரூப் மட்டும். அதில் உள்ள வரித் தாளுக்கு அவர் அன்றாடம் பார்க்கும் ஜிஎஸ்டி வேலையே பாதிப் பயிற்சி; நிதிக் கணக்கியல் தாளும் அப்படித்தான். எனவே கூடுதல் நேரத்தைச் சட்டத்துக்கும் அடக்கவிலைக் கணக்குக்கும் ஒதுக்கலாம்.

ஆக அவருடைய இலக்கு: "டிசம்பர் தேர்வில் இன்டர் முதல் குரூப் எழுதுகிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 5:30 முதல் 6:30, ஞாயிறு 9 முதல் 12." செவ்வாய்க்கிழமை காலைக்குப் பதில் வந்துவிட்டது, பாருங்கள்.

இதில் தேர்ச்சி என்ற வார்த்தையை எழுதவில்லை என்பதைக் கவனிக்கலாம். விளைவு வேறு, நம் கையில் இருக்கும் செயல் வேறு. தேர்ச்சியை மனதில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் தாளில் எழுதித் தினமும் டிக் அடிக்க வேண்டியது உட்கார்ந்து படித்த மணிநேரத்தை. சம்பள உயர்வு விஷயத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஆர்டர் குறைந்தால், பஞ்சு விலை ஏறினால், முதலாளிக்கு மனம் சரியில்லாவிட்டால் உயர்வு கிடையாது. அதை இலக்காக எழுதுவது மழைக்கு இலக்கு வைக்கிற மாதிரி.

அப்படியானால் வேலைக்கு என்ன எழுதுவது? பெரிய கம்பெனிகளில் ஏப்ரல் வாக்கில் வருடத்தின் முக்கியப் பொறுப்புகளைக் குறிக்கும் கேஆர்ஏ படிவம் ஒன்று கொடுத்து நிரப்பச் சொல்வார்கள். அங்கே தொழில் வருடம் ஏப்ரலில்தான் பிறக்கிறது. சின்ன கம்பெனியில் படிவமும் கிடையாது, அப்ரைசலும் கிடையாது. "பார்த்து ஒழுங்கா செய்ம்மா" என்பதோடு சரி. அங்கேயும் நமக்கு நாமே ஒன்றை எழுதிக்கொள்ளலாம். நம் கணக்காளருக்கு மாதாமாதம் தலைவலி எது? சப்ளையர் தன் ஜிஎஸ்டிஆர்-1-ஐ நேரத்தில் போடாவிட்டால், அந்தப் பில் நமக்கு 14ஆம் தேதி வரும் 2பி-யில், அதாவது நாம் வாங்கிய பில்களின் ஜிஎஸ்டி பட்டியலில், தெரியாது. 2பி-யில் இல்லாத பில்லுக்கு அந்த மாதம் உள்ளீட்டு வரிக் கழிவு எடுக்க முடியாது; வாங்கும்போது கொடுத்த வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாது என்று அர்த்தம். கம்பெனியின் பணம் முடங்கும். டையிங், பிரிண்டிங், எம்ப்ராய்டரி என்று வெளியே கொடுத்துச் செய்துவாங்கும் ஜாப் ஒர்க் பில்கள் குவியும் ஊரில் இது சின்னத் தொகை இல்லை.

ஆகவே அவருடைய தொழில் இலக்கு இப்படி இருக்கலாம்: "வழக்கமாகத் தாமதம் செய்யும் சப்ளையர்கள் பட்டியலை ஜனவரிக்குள் எடுப்பேன். ஒவ்வொரு மாதமும் 8ஆம் தேதி அவர்களுக்கு போன். 16ஆம் தேதிக்குள் 2பி-யைப் பர்ச்சேஸ் பில்களோடு ஒப்பிட்டு முடிப்பேன். 3பி-யை 18ஆம் தேதி போடுவேன்." முழுக்க அவர் கையில் உள்ள வேலை. ஒவ்வொரு மாதமும் முடங்கிய கழிவு எவ்வளவு என்று ஒரு வரி குறித்துக்கொண்டே வந்தால், ஆறு மாதம் கழித்து முதலாளியிடம் பேசும்போது "நான் நல்லா உழைக்கிறேன் சார்" என்று சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது. தாளை நீட்டினால் போதும். 19ஆம் தேதி இரவு சீக்கிரம் வீட்டுக்குப் போய் மறுநாள் காலை படிக்கவும் முடியும்.

பணம். செலவு 18,000 என்றால் மூன்று மாதச் செலவு 54,000. மாதம் 7,000 மிச்சம் இருப்பதால் எட்டே மாதத்தில் சேர்த்துவிடலாம் என்று காகிதம் சொல்லும். வாழ்க்கை அப்படிச் சொல்லாது: மொய், மருத்துவம், தேர்வுக் கட்டணம், வண்டி டயர் எல்லாம் அந்த ஏழாயிரத்திலிருந்துதான். மாதம் 3,500 வங்கியின் ஆர்டியில் (மாதாந்திரத் தொடர் சேமிப்பில்) தானாகப் போகும்படி செய்தால் வருடத்துக்கு 42,000. மீதி 12,000 தீபாவளி போனஸிலிருந்து. சம்பளம் வந்த இரண்டாம் நாளே பிடித்துவிடும்படி தேதி வைப்பது நல்லது. 28ஆம் தேதி மிச்சத்தைச் சேமிப்போம் என்று வைத்தால் 28ஆம் தேதி மிச்சம் இருக்காது.

உடம்பு விஷயத்தை நீட்டவேண்டாம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி. காலையைப் படிப்புக்குக் கொடுத்தாகிவிட்டது. எனவே திங்கள் முதல் வியாழன் வரை மாலையில் இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி இருபது நிமிடம் நடந்து வீட்டுக்கு வருவது, ஞாயிறு மாலை நாற்பது நிமிடம். மொத்தம் 120. முப்பது நிமிடம் குறைகிறதுதான். ஜூலையில் கூட்டிக்கொள்ளலாம்.

இங்கிலீஷ், போன், யூடியூப் சேனல், கார் ஓட்டக் கற்பது எல்லாம்? இந்த வருடம் இல்லை. அவற்றை வேறொரு பக்கத்தில் 'பிறகு' என்று தலைப்புப் போட்டு எழுதி வைக்கலாம். வாரம் ஒன்றுக்கு இதற்கு மேல் கொள்ளாது. நான்கே இலக்கா என்று யாராவது கேட்டால், நான்குமே கொஞ்சம் அதிகம்தான் என்பது என் எண்ணம். வேலை இலக்கு வேலை நேரத்திலேயே முடிந்துவிடுவதால் விட்டுவைக்கலாம்.

நடக்காமல் போகும் நாளுக்கு என்ன ஏற்பாடு

ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1997-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று விடுமுறைக் காலத்தைப் பற்றியது. கிறிஸ்துமஸ் முந்தின இரவை எப்படிக் கழித்தீர்கள் என்று இரண்டு நாளுக்குள் எழுதி அனுப்ப வேண்டும் என்று மாணவர்களிடம் கேட்டார்கள். ஒரு பாதிப் பேரிடம் மட்டும் எந்த நேரத்தில், எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுவீர்கள் என்று முன்கூட்டியே குறிக்கச் சொன்னார்கள். குறித்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் சொன்ன நேரத்துக்குள் எழுதி முடித்தார்கள். மற்றவர்களில் மூன்றில் ஒருவர்தான். இரு தரப்புக்கும் எழுதும் எண்ணம் இருந்தது. ஒரு தரப்பிடம் இடமும் நேரமும் இருந்தன.

இதை 'இப்படி நடந்தால் அப்படிச் செய்வேன்' என்ற வாக்கியமாக எழுதி வைப்பது நல்ல பழக்கம். மாலையில் மழை வந்தால் வீட்டு மொட்டைமாடிப் படியில் பத்து நிமிடம் ஏறி இறங்குவேன். காலையில் எழ முடியாவிட்டால் மதியம் சாப்பிட்டபின் இருபது நிமிடம் கணக்கு மட்டும் போடுவேன். ஆர்டிக்குப் பணம் இல்லாமல் போனால் அந்த மாதம் மொய்யைக் குறைப்பேன். (கடைசியை வீட்டில் சொல்லிவிட்டுச் செய்வது உத்தமம்.)

எத்தனை நாளில் பழகும் என்ற கேள்விக்கு 21 நாள் என்று சொல்பவர்கள் உண்டு. நம் ஊரில் ஒரு மண்டலம், 48 நாள் என்போம். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில் நடுக்கணக்கு 66 நாள் வந்தது. ஆனால் ஆளுக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். காலையில் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும், உடற்பயிற்சிக்கு நாளாகும். அதே ஆய்வில் இன்னொரு தகவலும் உண்டு. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவதில் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. ஜனவரி 9ஆம் தேதி ஒரு நாள் தவறிவிட்டது என்பதற்காக "போச்சு, இந்த வருஷமும் அவ்வளவுதான்" என்று மூட்டை கட்ட வேண்டியதில்லை.

எப்படி எழுதுகிறோம் என்பதிலும் கொஞ்சம் இருக்கிறது. ஸ்வீடனில் புத்தாண்டு உறுதி எடுத்த 1,066 பேரிடம் நடத்திய ஆய்வு 2020-ல் வெளியானது. 'இதைச் செய்வேன்' என்று எழுதியவர்களில் 59 சதவீதத்தினர் வருடக் கடைசியில் வெற்றி என்றார்கள். 'இதைச் செய்ய மாட்டேன்' என்று எழுதியவர்களில் 47 சதவீதம். அவரவர் வாயால் சொன்ன வெற்றி என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்க வேண்டும். இருந்தாலும் விஷயம் அனுபவத்தோடு பொருந்துகிறது. "ராத்திரி போன் பார்க்க மாட்டேன்" என்று எழுதினால் கை சும்மா இருக்கும். சும்மா இருக்கும் கை போனைத்தான் தேடும். "பத்து மணிக்கு போனை ஹாலில் சார்ஜில் போட்டுவிட்டு வந்து படுப்பேன்" என்றால் செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறது.

எண் நம்மை ஓட்ட ஆரம்பித்தால்

அளப்பது நல்லது என்று இவ்வளவு நேரம் சொன்னேன். அதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுத் திட்டங்கள் விற்பது என்பதை இலக்காக வைத்தார்கள். கிளை ஊழியர்கள் மேல் நெருக்கடி ஏறியது. வாடிக்கையாளருக்கே தெரியாமல் அவர் பெயரில் கணக்குகள் திறக்கப்பட்டது 2016-ல் அம்பலமாகி, வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது. வாடிக்கையாளருக்கு எத்தனை சேவை தேவைப்படுகிறது என்பதை அளக்க வந்த எண், கடைசியில் அந்த வாடிக்கையாளரையே ஏமாற்ற வைத்தது.

நம் அளவில் இது சின்னதாக நடக்கும். பத்தாயிரம் காலடிக்காக ராத்திரி பதினொன்றரைக்குக் கட்டிலைச் சுற்றி நடப்பது, புத்தகம் 50 என்று எழுதிவிட்டு மெலிந்த புத்தகமாகத் தேடுவது. நம் கணக்காளர்கூட ஒரு மணி நேரம் உட்கார்ந்ததை டிக் அடித்துவிட்டு, அந்த நேரம் முழுவதும் நோட்டுக்குக் கலர் பேனாவில் தலைப்புப் போட்டுக்கொண்டிருக்கலாம். அதனால் மணிநேரத்தோடு, போட்டு முடித்த பழைய வினாத்தாள்களையும் எண்ணுவது நல்லது. ஒரே எண்ணை நம்பினால் அதை ஏமாற்றும் வழியை நாமே கண்டுபிடித்துவிடுவோம்.

மாதத்துக்கு ஒரு முறை

மாதத்தின் முதல் ஞாயிறு, இருபது நிமிடம். எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன். 'ஏன்' என்பதற்குச் "சோம்பேறித்தனம்" என்று எழுதக் கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். அதிலிருந்து திருத்த எதுவும் கிடைக்காது. "அலாரம் வைத்த போன் தலைமாட்டில் இருந்தது" என்று எழுதினால் போனை நகர்த்தலாம். மூன்று மாதம் தொடர்ந்து நகராத இலக்கை அடித்துவிடவும் தயங்க வேண்டாம். சில சமயம் அது நம் ஆசையாகவே இருக்காது; அத்தை மகன் செய்கிறான் என்பதற்காக எழுதியதாக இருக்கும்.

யாரிடம் சொல்வது? வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. நூறு பேர் கட்டை விரலைக் காட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். யாருடைய ஒத்தாசை இல்லாமல் நடக்காதோ அவர்களிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். காலை ஐந்தரைக்குப் படிக்க வேண்டுமானால் அந்த ஒரு மணி நேரம் அடுப்படியை யார் பார்ப்பது என்பதை அம்மாவிடமோ கணவரிடமோ டிசம்பரிலேயே பேசி முடித்துவிட வேண்டும். பெண்கள் விஷயத்தில் பல நல்ல இலக்குகள் இந்த ஒரு பேச்சு நடக்காததால்தான் கவிழ்கின்றன.

ஜனவரி 1 ஏற்கெனவே கைவிட்டுப் போயிருந்தால்? புது வாரம், புது மாதம், பிறந்தநாள் போன்ற தொடக்கங்களில் ஆட்கள் கூடுதல் ஊக்கத்தோடு கிளம்புகிறார்கள் என்று 2014-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. அந்தக் கணக்கில் நமக்குப் பஞ்சமே இல்லை: தை முதல் நாள் இருக்கிறது, ஏப்ரல் 1 இருக்கிறது, இரண்டு வாரத்தில் சித்திரை பிறக்கிறது, அப்புறம் ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது. அவரவர் வேலைக்கு எது தோதோ அதை எடுத்துக்கொள்ளலாம். நம் கணக்காளர் மட்டும் ஏப்ரல் 1-ஐயும் சித்திரை 1-ஐயும் தொட வேண்டாம். மார்ச் மாத 3பி போய்ச் சேர்ந்த பிறகு, ஏப்ரல் 21 அவருக்கு நல்ல நாள்.